வக்கீலான மகளுக்கு இன்னும் எதற்கு வகுப்பு?

கேள்வி: மகள் சென்னையில் சட்டம் முடித்து, 2023-இல் நியூயார்க்கில் எல்எல்எம் முடித்து, பார் தேர்விலும் தேறிவிட்டாள். நியூஜெர்சியில் ஒரு சிறிய இமிக்ரேஷன் அலுவலகத்தில் ஹெச்-1பி விசாவில் வேலை. கல்விக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது, ஃபெடரல் கோர்ட்டில் (மத்திய நீதிமன்றம்) அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடக் கற்றுத்தரும் பயிற்சி என்று ஒன்றுக்குப் பணம் கட்ட வேண்டும் என்கிறாள். படித்து முடித்த பிறகு இன்னும் எதற்கு வகுப்பு? விசாவில் இருப்பவள் அந்த நாட்டு அரசை எதிர்த்து வழக்காடினால் அவள் விசாவுக்கே ஆபத்து வராதா?
ஒரு தந்தை, திருச்சி

பதில்: ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

அமெரிக்காவில் வக்கீல் தொழில் செய்யக் குடியுரிமை வேண்டியதில்லை. கனெக்டிகட் மாநிலம் அப்படி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. அங்கே வசிக்கும் வெளிநாட்டவர் ஒருவர் தொடுத்த கிரிஃபித்ஸ் வழக்கில், 1973-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. மகள் தாக்கல் செய்யும் வழக்கில் வாதி அவருடைய கட்சிக்காரர். மகள் அவருக்காக வாதாடுகிறவர், அவ்வளவுதான். ஹெச்-1பி நீட்டிப்பில் பார்ப்பது வேலையை, தகுதியை, சம்பளத்தை, விசா நிபந்தனைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தாரா என்பதை. யாருக்காக யார் மீது வழக்குப் போட்டார் என்று அந்தப் படிவத்தில் கேள்வியே கிடையாது. அரசின் மீது வழக்கு அங்கே அன்றாடம் நடக்கிற காரியம். அந்த வழக்குகளில் அரசுத் தரப்பில் நிற்பதற்கென்றே நீதி அமைச்சகத்தில் இமிக்ரேஷன் வழக்குகளுக்குத் தனி அலுவலகம் இருக்கிறது.

அதற்காக உங்கள் பயத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிட மாட்டேன். 2025 மார்ச்சில் வெள்ளை மாளிகையிலிருந்து, நீதி அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரலுக்கு ஓர் உத்தரவு போனது. அரசின் மீது அடிப்படையில்லாத வழக்குப் போடும் வக்கீல்கள், நிறுவனங்கள் மீது தண்டனை கோருங்கள் என்பது அதன் சாரம். இமிக்ரேஷன் வக்கீல்களை அதில் தனியாகவே குறை சொல்லியிருந்தது. ஃபெடரல் சிவில் நடைமுறையின் 11-ஆம் விதியோ நெடுநாளாக இருப்பது: மனுவில் கையெழுத்திடும் வக்கீல், உண்மைகளையும் சட்டத்தையும் தக்கபடி விசாரித்த பிறகே கையெழுத்திடுகிறேன் என்று உறுதி கொடுத்ததாக ஆகிறது. விசாரிக்காமல் போட்டவர் மீது நீதிபதி அபராதம் விதிக்கலாம். ஆகவே இந்த வேலையில் இறங்குகிறவர் முறையாகக் கற்றுக்கொண்டு இறங்குவதே நல்லது. மகள் கேட்பதும் அதைத்தானே?

சரி, வகுப்புக்கு வருவோம். நம் ஊரில் பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டால் அதன்பின் வருஷா வருஷம் இத்தனை மணி நேரம் படித்தாக வேண்டும் என்று பொதுவான கட்டாயம் கிடையாது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. சிஎல்இ என்பார்கள். நியூயார்க்கில் புதிதாகப் பதிவு செய்தவர் முதல் இரண்டு ஆண்டுகளில், ஆண்டுக்கு 16 வீதம், 32 கிரெடிட் முடிக்க வேண்டும். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு 24. 50 நிமிடம் ஒரு கிரெடிட். டெக்சாஸில் ஆண்டுக்கு 15 மணி நேரம், கலிபோர்னியாவில் மூன்று ஆண்டுக்கு 25. மேரிலேண்ட், மாசசூசெட்ஸ் போன்ற சில இடங்களில் இந்தக் கட்டாயமே இல்லை. எப்படியும் மணிகளைச் சேர்க்கத்தான் போகிறார் என்னும்போது, மலிவான ரெக்கார்டிங்கை ஒரு பக்கம் ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பதைவிட உருப்படியாக ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். பாராட்ட வேண்டிய எண்ணம். ஒன்றை மட்டும் பணம் கட்டும் முன் பார்க்கச் சொல்லுங்கள்: நியூயார்க்கில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் புதியவர்களுக்கென்று அங்கீகரித்த வகுப்புகள்தான் கணக்கில் வரும். அனுபவசாலிகளுக்கான வகுப்பில் அறிவு கிடைக்கும், கிரெடிட் கிடைக்காமல் போகலாம்.

இனி, ஏன் ஃபெடரல் கோர்ட்?

இமிக்ரேஷன் வக்கீல்களில் பலர் நீதிமன்றப் படியே ஏறாதவர்கள். மனு நிரப்புவது, ஆவணம் சேர்ப்பது, அரசு கேட்கும் விளக்கத்துக்குப் பதில் எழுதுவது என்று அவர்களின் நாள் போய்விடும். நாடுகடத்தல் வழக்கு நடத்துகிறவர்கள் போகும் ‘இமிக்ரேஷன் கோர்ட்’கூட நீதித்துறையைச் சேர்ந்ததில்லை, நீதி அமைச்சகத்துக்குள் இருக்கும் ஓர் அலுவலகம் அது. அங்கே அமர்ந்திருக்கும் நீதிபதியும், அவருக்கு மேலே வர்ஜீனியாவில் ஃபால்ஸ் சர்ச்சில் இருக்கும் மேல்முறையீட்டு வாரியமும் அட்டர்னி ஜெனரலின் கீழே வருகிறவர்கள். அரசு நிர்வாகத்துக்கு வெளியே நின்று தீர்ப்புச் சொல்லும் நீதிபதி வேண்டுமென்றால் ஃபெடரல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அந்த வாசல்வரை வந்து, ‘இனி நம்மால் ஆகாது, காத்திருங்கள்’ என்று கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் நிறைய.

2025 ஏப்ரலில் அந்தப் பதில் செல்லுபடியாகவில்லை. அமெரிக்காவில் படிக்கும் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகளை (அவர்களின் மாணவர் அந்தஸ்தைக் காட்டும் அரசுக் கணினிப் பதிவு) அரசு ஒரே வீச்சில் ரத்து செய்தது. இந்திய மாணவர்கள் அதில் கணிசம். தள்ளுபடியாகிப்போன பழைய சில்லறை வழக்குகூடச் சிலருக்குக் காரணமாகியிருந்தது. படிப்பு முடிய சில வாரம் இருக்கும் பிள்ளைகள், ஓபிடியில், அதாவது படிப்போடு சேர்ந்த தற்காலிக வேலை அனுமதியில், வேலை பார்க்கும் பிள்ளைகள், எல்லோரும் வக்கீலைத் தேடி ஓடினார்கள். நிரப்ப ஒரு படிவமும் இல்லை, மேல்முறையீடு செய்ய ஓர் அலுவலகமும் இல்லை. மாவட்ட ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, அதே சிவில் நடைமுறையின் 65-ஆம் விதியின்படி அவசர இடைக்காலத் தடை வாங்குவதுதான் வழியாக இருந்தது. அதை எழுதத் தெரிந்த வக்கீல்கள் நாட்டின் பல மாவட்டங்களில் சில நாட்களுக்குள் தடை வாங்கினார்கள். ஏப்ரல் 25 அன்று, பதிவுகளைத் திரும்பக் கொடுக்கிறோம் என்று அரசு வக்கீல்களே நீதிமன்றத்தில் சொன்னார்கள். எழுதத் தெரியாதவர்கள் அந்த வாரங்களில் வேறொரு வக்கீலின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்பத்தான் முடிந்தது.

இமிக்ரேஷன் சட்டம் நன்றாகத் தெரிந்தவரே இதில் தடுக்கி விழுவார், ஏனென்றால் இங்கே தேவைப்படுவது சிவில் நடைமுறை. எந்த நீதிமன்றம், எத்தனை நாள், சம்மன் யாருக்கு என்பதில்தான் வழக்கு நிற்கும் அல்லது விழும். அரசின் மீது வழக்கென்றால் அந்த மாவட்டத்தின் அரசு வக்கீலான யுஎஸ் அட்டர்னி, வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரல், சம்பந்தப்பட்ட துறை என்று மூன்று இடத்துக்கும் வழக்கின் நகலை முறைப்படி சேர்ப்பிக்க வேண்டும். யுஎஸ் அட்டர்னிக்குக் கிடைத்த நாளிலிருந்து அரசுக்குப் பதில் சொல்ல 60 நாள். நாடுகடத்தும் இறுதி உத்தரவை எதிர்ப்பதென்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவே கூடாது. நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு, உத்தரவுத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் போக வேண்டும். வாரியத்திடம் மறுபரிசீலனை கேட்டிருக்கிறோமே என்று காத்திருந்தால் கெடு காத்திருக்காது. 1995-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. மனு போட்டுவிட்டால் நாடுகடத்தல் தானாக நின்றுவிடும் என்பதும் தவறு. தடை தனியாகக் கேட்க வேண்டும்.

மகள் முதலில் கற்க வேண்டியது தாமத வழக்கு என்பது என் கருத்து. அரசு ஒரு விண்ணப்பத்தை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டால், ‘முடிவு சொல்’ என்று கேட்டு மாண்டமஸ் மனுவும் (அதிகாரி தன் கடமையைச் செய்ய நீதிமன்றம் ஆணையிடக் கோருவது) 1946-ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டத்தின்கீழ் கோரிக்கையும் சேர்த்துப் போடுவார்கள். குடியுரிமை நேர்காணல் முடிந்து 120 நாளாகியும் முடிவு வராவிட்டால் நேரே மாவட்ட நீதிமன்றம் போகச் சட்டத்திலேயே தனி வழி உண்டு. இவற்றில் பல வழக்குகள் வாதத்துக்கே வராமல் முடிந்துவிடும். அரசு தன் பதிலைத் தாக்கல் செய்யும் முன்பே கோப்பை எடுத்து முடிவு சொல்லிவிடும். நீதிமன்றக் கட்டணம் 405 டாலர். ஆனால் நீதிமன்றம் ‘முடிவெடு’ என்று சொல்லுமே தவிர ‘ஒப்புதல் கொடு’ என்று சொல்லாது. கட்சிக்காரரிடம் இதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்ட வேண்டும். அதேபோல, கிரீன் கார்டு வரிசையில் பத்து வருஷமாக நிற்கும் நம்மவர்கள் ‘எங்களுக்கும் ஒரு மாண்டமஸ் போடுங்களேன்’ என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அந்த வரிசை, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று நாடாளுமன்றமே சட்டத்தில் வைத்த வரம்பால் வந்தது. அதிகாரியின் தாமதத்துக்குப் போடும் வழக்கு அங்கே உதவாது. அப்படிப்பட்டவரிடம் பணம் வாங்காமல் அனுப்பிவைப்பதும் இந்தத் தொழிலில் ஒரு திறமை.

ஆட்கொணர்வு மனு வேறு ரகம். கட்டணம் வெறும் 5 டாலர், ஆனால் காவலில் இருப்பவரின் சுதந்திரம் அதில் தொங்குகிறது. 2025 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம், சோதனையில்லாமல் எல்லை தாண்டி வந்தவர்களுக்கு இமிக்ரேஷன் நீதிபதிகள் ஜாமீன் கொடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அதிலிருந்து இந்த மனுக்கள் மாவட்ட நீதிமன்றங்களில் வந்து குவிந்தன. ஆளை எந்த மாவட்டத்தில் வைத்திருக்கிறார்களோ அங்கேதான் மனு போட வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக வேறு மாநிலத்துக்கு மாற்றிவிடுவதும் நடக்கும் என்பதால் மணிக்கணக்கில் வேலை. இந்த மனுவுக்கும் எல்லை உண்டு. எல்லைக்கு உள்ளே 25 கஜ தூரத்தில் பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், விரைவு நாடுகடத்தலை (நீதிபதி முன் விசாரணையில்லாமல் உடனே அனுப்புவதை) இந்த மனு மூலம் கேள்வி கேட்க அரசமைப்பு உரிமை தரவில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. துரைசிங்கம் வழக்கு என்று அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்று அது பாடம். காவலில் இருப்பவரின் வழக்கை மகள் தனியாக எடுக்க இன்னும் கொஞ்ச காலம் ஆகட்டும்.

‘இதையெல்லாம் எல்எல்எம்மிலேயே சொல்லித் தந்திருப்பார்களே’ என்று நீங்கள் நினைக்கலாம். அவர் படித்தபோது செவ்ரான் என்ற 1984-ஆம் ஆண்டுத் தீர்ப்பு உயிரோடு இருந்தது. சட்டத்தின் வாசகம் தெளிவில்லை என்றால் அரசுத் துறை சொல்லும் நியாயமான விளக்கத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். 2024 ஜூன் 28 அன்று லோப்பர் பிரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அது நம் பக்கம் வந்த காற்று. எதிர்ப்பக்கம் வீசியதும் உண்டு: ஜார்ஜியாவில் டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பத்தில் குடிமகன் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்ட படேல் என்பவர் வழக்கில், கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பத்தைப் பொறுத்த சலுகைக்காக அதிகாரிகள் முடிவுசெய்த உண்மைகளை நாங்கள் மறுபடி ஆராய முடியாது என்று 2022-இல் அதே நீதிமன்றம் கதவைச் சாத்தியது. இப்படி மாறிக்கொண்டே இருப்பதால் வகுப்பு பதிவான தேதி முக்கியம். 2024 ஜூனுக்கு முந்தைய ரெக்கார்டிங்கை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம்.

எங்கே கற்பது? இமிக்ரேஷன் வக்கீல்களின் சங்கமான ஐலா, ஃபெடரல் வழக்குகளுக்கென்றே தனிப் பயிற்சி நடத்துகிறது. நேஷனல் இமிக்ரேஷன் லிட்டிகேஷன் அலையன்ஸ் என்ற அமைப்பும் அமெரிக்கன் இமிக்ரேஷன் கவுன்சிலும் வெளியிடும் நடைமுறைக் குறிப்புகள் தரமானவை. பலவற்றைக் காசில்லாமலே படிக்கலாம். வக்கீல்களுக்கு வகுப்பு நடத்தும் பிராக்டிசிங் லா இன்ஸ்டிடியூட்டில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். எதுவானாலும், மனுவை எழுதவைத்துத் திருத்தித் தருகிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்டு அரசு போடும் மனுவுக்குப் பதில் எழுதச் சொல்லித்தராத வகுப்பு பாதி வகுப்புதான்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம் அவர் வேறொன்று செய்யலாம். ஃபெடரல் வழக்கு ஆவணங்கள் பேசர் என்ற தளத்தில் கிடைக்கும். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. இமிக்ரேஷன் வழக்குகளில் மட்டும், வழக்கில் சம்பந்தப்படாதவர் இணையத்தில் வழக்குப் பட்டியலையும் உத்தரவுகளையும் தீர்ப்பையும்தான் பார்க்க முடியும் என்பது விதி, மற்ற ஆவணங்களை நீதிமன்றத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். முடிந்துபோன ஒரு தாமத வழக்கை எடுத்து, மனு முதல் தீர்ப்பு வரை இப்படி வரிசையாகப் படிக்கட்டும். நம் ஊரில் ஜூனியர், சீனியரின் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கற்றதை அங்கே இப்படித்தான் ஓரளவு ஈடுகட்ட முடியும். படித்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் சேரலாம்.

அலுவலக முதலாளியிடம் அவர் பேச வேண்டியதும் இருக்கிறது. ஹெச்-1பியில் இருப்பவர் தன் அலுவலகத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். வெளியே சொந்தமாக ஒரு வழக்கு எடுத்துக் கட்டணம் வாங்கினால் நீங்கள் பயந்த விசாச் சிக்கல் அங்கேதான் வரும். எனவே முதல் வழக்கு அலுவலகத்தின் வழியாக வர வேண்டும். மேற்பார்வைக்கு யார் இருக்கிறார்கள், அலுவலகத்தின் தொழில் காப்பீடு ஃபெடரல் வழக்குகளுக்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளட்டும். இன்னொரு சிக்கல்: நியூயார்க் உரிமத்தை வைத்து எந்த மாநிலத்திலும் இமிக்ரேஷன் மனு போடலாம், ஆனால் நியூஜெர்சி ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீலாகச் சேர நியூஜெர்சி உரிமம் தேவை. இல்லாவிட்டால் அங்கே உரிமம் உள்ள ஒருவரோடு சேர்ந்து, அந்த ஒரு வழக்குக்கு மட்டும் அனுமதி வாங்கலாம். நியூயார்க் நகரத்து ஃபெடரல் நீதிமன்றங்களில் அவருடைய உரிமமே போதும், தனியாகப் பதிவு மட்டும் செய்ய வேண்டும்.

வருமானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, மனதில் இருக்கும். அரசின் நிலைப்பாட்டுக்குப் போதிய நியாயம் இல்லை என்று தெரிந்தால், ஜெயித்தவரின் வக்கீல் கட்டணத்தை அரசே கொடுக்க 1980-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்கிறது. அதை நம்பிக் குடும்ப பட்ஜெட் போட முடியாது. ஆனால் படிவ வேலையை மென்பொருள் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டுவரும் காலத்தில், ஃபெடரல் மனு எழுதத் தெரிந்த ஜூனியரை ஒரு சிறிய அலுவலகம் எளிதில் விட்டுவிடாது. அடுத்த சம்பளப் பேச்சில் அது தெரியும்.

பயிற்சிக் கட்டணத்தை முதலில் அலுவலகத்திடமே கேட்கச் சொல்லுங்கள். சிஎல்இ செலவை ஏற்கும் அலுவலகங்கள் உண்டு. அவர்கள் பாதிதான் தருவோம் என்றால் மீதியை மகள் தன் சம்பளத்திலிருந்து கட்டட்டும். இதற்காகத் திருச்சியிலிருந்து நீங்கள் இன்னொரு கடன் வாங்க வேண்டாம்.