மாமா எப்படி இறந்தார் என்று மகள் கேட்கிறாள்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை ரொம்ப நாளாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் அண்ணன் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தற்கொலை செய்துகொண்டான். அப்போது அவனுக்கு முப்பத்து நாலு வயது. தெரிந்த டாக்டர் ஒருவரை வைத்து, போலீஸ் வரைக்கும் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்கு மாரடைப்பு என்று சொன்னோம். அதற்குப் பிறகு வீட்டில் அவன் பேச்சே கிடையாது. அப்பா படம் ஹாலில் மாட்டியிருக்கிறது, அண்ணன் படம் பீரோவுக்குள் கிடக்கிறது.

என் மகள் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ பேசியது அவள் காதில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் "மாமா எப்படிம்மா செத்தாங்க?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அம்மாவிடம் சொன்னால், "வயசுப் பொண்ணுகிட்ட இதையெல்லாம் சொல்லி அவ மனசுலயும் விதைக்காத. நாளைக்கு அவளுக்கு ஒரு இடம் பார்க்கணும்" என்கிறார். பழசைக் கிளறாதே என்கிறார் கணவர். மகளோ அன்றிலிருந்து சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இது பரம்பரையாக வருமோ என்றுகூட எனக்குப் பயம். என்ன செய்யட்டும் அக்கா? பதிலை எல்லோரும் படிக்கும்படியே போடுங்கள், என் பெயர் மட்டும் வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

மகளிடம் சொல்லிவிடுங்கள். அவளுக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்துவிட்டது. மீதியை அவள் கல்யாண வீட்டுப் பந்தியில் பொறுக்கிச் சேர்ப்பதைவிட, கூடப் பிறந்த உங்கள் வாயால் கேட்பது எவ்வளவோ மேல்.

பேசினால் விதைத்துவிடுவோம் என்று உங்கள் அம்மா பயப்படுகிறார். இந்தப் பயம் இல்லாத வீடு இல்லை. ஆனால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒருவரிடம் நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது. அந்த எண்ணத்தோடு தனியாகக் கிடப்பவருக்கு, ஒருவராவது வாய்திறந்து கேட்டாரே என்பதே பெரிய ஆறுதல். கெடுதல் செய்கிற பேச்சு வேறு. எப்படிச் செய்துகொண்டார் என்று விலாவாரியாக விவரிப்பது. "நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டான்" என்று அதை ஒரு விடுதலைபோல ஆக்குவது. "கடன்தான் காரணம்", "பொண்டாட்டிதான் காரணம்" என்று ஒரே வரியில் முடிப்பது. இந்த மூன்றும் மகளிடம் வேண்டாம். எப்படி என்று அவள் கேட்டால், "அதை மட்டும் இப்ப சொல்ல விரும்பல கண்ணு, மத்தது எதை வேணும்னாலும் கேளு" என்று சொன்னால் போதும். அவள் புரிந்துகொள்வாள்.

மாரடைப்பு என்று சொன்னதற்காக உங்கள் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மாவட்டச் செய்திப் பக்கம் படித்து வளர்ந்த நம் எல்லோருக்கும் 'தீராத வயிற்றுவலி' தெரியும். மூன்று வரித் தற்கொலைச் செய்தி: பெயர், வயது, வயிற்றுவலி, போலீசார் விசாரணை. அத்தனை பேருக்குமா வயிற்றுவலி இருந்திருக்கும்? காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும்போது காரணம் என்று ஏதாவது ஒன்று வேண்டும். புருஷன் அடித்தான் என்று எழுத முடியாது, வரன் அமையவில்லை என்று எழுத முடியாது, ஆறு மாதமாகத் தூங்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுதத் தெரியாது. வயிற்றுவலி என்றால் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள்.

பிழைத்து எழுந்தவர்களுக்கும் இதே கதிதான். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. 2017இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம்தான் அதைத் திருப்பிப் போட்டது. அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் தருவது அரசின் கடமை என்று அதன் 115ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்தப் பழைய 309 இல்லை. உங்கள் அண்ணன் காலத்தில் இருந்த போலீஸ் பயத்தில் பெரும்பகுதி இப்போது தேவையே இல்லாத பயம். இது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியாது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மருத்துவமனையில், எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா, வருகிறவர்களிடமெல்லாம் "ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், ஆனால் தூங்கவில்லை. அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். டிஸ்சார்ஜ் ஆனபோது கையில் கொடுத்தது வயிற்றுப்புண் மாத்திரை. மனநல மருத்துவரிடம் யாரும் அழைத்துப் போகவில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளாததற்கு மனநல மருத்துவர் எதற்கு? ஒருமுறை முயன்றவருக்குத்தான் மறுபடி ஆபத்து மிக அதிகம் என்பது மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தப் பொய்யால் சிகிச்சையே கிடைக்காமல் போயிற்று. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

பரம்பரையா என்று கேட்டீர்கள். குடும்பத்தில் ஒருவர் இப்படி இறந்திருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து ஓரளவு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட குடும்பங்களில் பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது நேர்வதில்லை, அதுவும் உண்மை. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் முப்பது வயதிலேயே ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறோம் இல்லையா? உங்கள் மகளும் நாளைக்கு ஒரு மருத்துவரிடம் "என் மாமா இப்படி இறந்தாங்க" என்று சொல்ல முடிய வேண்டும். அதற்கு முதலில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"போகணும்னு முடிவு பண்ணினவனை யார் தடுக்க முடியும்?" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். தடுக்க முடியும். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமாக நடந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அங்கே ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அந்த ஒரு வேளையைத் தாண்டிவிட்டவர்களில் பெரும்பாலோர் பிறகு வாழத்தான் செய்கிறார்கள். நம் ஊரில், தேர்வில் தோற்ற பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் வீணாகாமல் உடனடித் தேர்வு வைக்கிறார்களே, அதுவும் உயிர் காக்கிற ஏற்பாடுதான். 1986இல் சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. குற்றங்களை எண்ணுகிற அலுவலகம்தான் இன்னும் இந்தச் சாவுகளையும் எண்ணுகிறது என்பது எனக்கு உறுத்தல். உங்கள் அண்ணனைப் போல மாரடைப்பு என்று சொல்லி முடித்தவர்கள் அந்தக் கணக்கில்கூட இல்லை.

இதைப் படிக்கும்போது, அப்படியானால் நாமும் தடுத்திருக்கலாமே என்று உங்கள் மனசு போகும். அங்கே போக வேண்டாம் தங்கை. அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் நீங்கள் நடந்திருக்க முடியும். யாரும் உங்களுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, மகளிடம் எப்படிப் பேசுவது? பரீட்சை நேரமாக இல்லாத ஒரு நாளில், இருவர் மட்டும் இருக்கும்போது பேசுங்கள். அண்ணனைப் பற்றி முதலில் சொல்லுங்கள்: எதற்குச் சிரிப்பான், உங்களை எப்படிக் கூப்பிடுவான், என்ன கடை வைக்க ஆசைப்பட்டான். அப்புறம் அவனுக்கு மனசு சரியில்லாமல் போனதையும், வீட்டில் யாருக்கும் அது நோய் என்று தெரியாததையும், அவன் தற்கொலை செய்துகொண்டதையும் சொல்லுங்கள். அன்று பேச்சை மாற்றியது பயத்தால்தான் என்றும் சொல்லிவிடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அவள் எதிரில் அடக்க வேண்டாம்.

அம்மாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர், மாரடைப்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். பேத்தியிடம் சொல்லப்போகிறேன் என்று தகவலாக மட்டும் சொல்லிவையுங்கள். கல்யாணப் பேச்செல்லாம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பதினாறு வயதுப் பெண்ணின் மனசைவிட, இன்னும் வராத சம்பந்தி பெரிதில்லை.

அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது மாமாவைப் பற்றிய குழப்பமாக மட்டும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். ஊகிக்க வேண்டாம், கேட்டுவிடுங்கள். "உனக்கு எப்பவாவது செத்துப்போகலாம்னு தோணியிருக்கா?" இதே வார்த்தைகளில் கேட்கலாம். "அப்படியெல்லாம் நினைக்க மாட்டதானே?" என்று கேட்டால், இல்லை என்பதைத் தவிர அவளுக்கு வேறு பதில் இருக்காது. ஆமாம் என்றால் பதறாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், "எல்லாருக்கும்தான் கஷ்டம் இருக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள். முழுக்கக் கேளுங்கள், அவளைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே உதவி தேடுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். தமிழக அரசின் சுகாதார உதவி எண்ணான 104க்கும் கூப்பிடலாம். சினேகாவின் எண் 044-24640050. அவளுக்காக மட்டுமல்ல, உங்களுக்காகவும் கூப்பிடலாம். அண்ணனை இழந்து பன்னிரண்டு வருஷமாக அதைப் பற்றி யாரிடமும் பேசாமல் இருந்திருக்கிறீர்கள்.

என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். அதற்கு முன்னால் அவளிடம் பேசிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா