சொல்லாமல் கொள்ளாமல்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டுக்காரன். கார்டிஃபில் முதுகலை படிக்கிறேன். காலத்தில் பயணிக்கும் 'டாக்டர்' ஒருவரின் கதையான 'டாக்டர் ஹூ' டிவி தொடரை இந்த ஊரில்தான் எடுக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு பார்க்க ஆரம்பித்தேன். ரூபி சண்டேவாக வந்த மில்லி கிப்சனை மிகவும் பிடித்திருந்தது. ஒரே சீசன்தான். அடுத்த சீசனில் பெலிண்டா சந்திரா என்று வரதா சேதுவைக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் அறையில் இப்போது இரண்டு கட்சி. மலையாள நண்பன் 'நம்ம பொண்ணு' என்று கொண்டாடுகிறான். இன்னொருவன், எல்லாம் கணக்குக் காட்டச் சேர்ப்பது என்கிறான். நான் பெலிண்டாவின் முதல் எபிசோடோடு நிறுத்திவிட்டேன். டாக்டரோடு கூடப் பயணிக்கும் கம்பேனியன்களை இப்படி மாற்றிக்கொண்டே இருப்பது நியாயமா? ஒரே ஆளை வைத்திருந்தால் என்ன?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் ஒரு பழைய ஷூவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பதிலுக்கு அதுதான் காரணம். ஷூவுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சில்லறைகளை எண்ணி வைத்துவிடலாம். கணக்குக் காட்டச் சேர்த்தது என்ற நண்பருக்கு: 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் வந்த முதல் எபிசோடை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன். லக்னோவில் பிறந்தவர். தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்ற இருபத்தேழு வயதுப் பெண். வாசலைத் திறந்து வைத்தவர்களையே விருந்தாளிக் கணக்கில் சேர்த்தால் எப்படி? மலையாள நண்பருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கேரளத்தில் பிறந்து நியூகாசிலில் வளர்ந்த பெண், டாக்டரின் காலப் பயணப் பெட்டியான டார்டிஸில் ஏறினால் அவர் கொண்டாடத்தான் செய்வார். கொண்டாடட்டும்.

'ஒரே ஆளை வைத்திருந்தால் என்ன?' வைத்திருக்க முடியாது, அவ்வளவுதான். முதல் சீசனில் மட்டும் 42 எபிசோடுகள். ஏறக்குறைய வருடம் முழுக்க வாராவாரம் நடித்தால் யாருக்கும் அலுத்துவிடும். கதாநாயகனே அங்கே நிரந்தரம் இல்லை. 1966-ல் வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியாமல் போனதும், சாகும் தறுவாயில் டாக்டருக்கு உடம்பே மாறிவிடும் என்று ஒரு வழி கண்டுபிடித்து பேட்ரிக் ட்ரௌட்டனை உட்கார வைத்தார்கள். (இதைக் கூடு விட்டுக் கூடு பாய்வது என்று எழுதுகிறவர்கள் உண்டு. பாய்வதற்கு அங்கே இன்னொரு கூடே கிடையாது. இருக்கிற கூடுதான் உருமாறுகிறது.) டாக்டருக்கே இந்தக் கதி என்றால் கூட வருகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல?

கம்பேனியனுக்கு வேலை ஒன்றுதான்: நமக்காக 'என்ன இது?' என்று கேட்பது. 1965-ல் பழைய டிராய் நகரத்திலிருந்து கேட்டரினா என்ற பணிப்பெண்ணைக் கூட்டிவந்தார்கள். அவளுக்கு எதுவுமே தெரியாது. எதைப் பார்த்தாலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், எழுதி மாளாது என்று ஐந்தே எபிசோடில் விண்வெளியில் சாகடித்துவிட்டார்கள். 1970-ல் வந்த லிஸ் ஷா நேர் எதிர். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி, எல்லாம் தெரிந்தவர். எல்லாம் தெரிந்தவர் எதற்குக் கேள்வி கேட்கப் போகிறார்? நான்கு கதைகளோடு அவரும் காலி. அடுத்த சீசன் தொடங்கும்போது, அவர் கேம்பிரிட்ஜுக்கே திரும்பிவிட்டதாக ஒரு பேச்சு வருகிறது. டாக்டர் புலம்ப, அவரோடு வேலை செய்யும் ராணுவ அதிகாரியான பிரிகேடியர் சொல்கிறார்: உங்களுக்கு வேண்டியது டெஸ்ட் ட்யூபை எடுத்துக் கொடுக்கவும், நீங்கள் எவ்வளவு பெரிய மேதை என்று சொல்லவும் ஒரு ஆள், இதை மிஸ் ஷாவே அடிக்கடி சொல்வார். ஒரு சீசன் முழுக்க நடித்த பெண்ணுக்கு, அவள் இல்லாத இடத்தில், இன்னொருவர் வாயால் விடை. கேமரா முன்னால் அவர் கையசைக்கக்கூட இல்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேலும் கொஞ்சம் வருகிறது.

முதல் எபிசோடோடு நிறுத்திவிட்டதை ஏதோ சாதனை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அந்த எபிசோடில் பெலிண்டா என்ன செய்தாள் என்று கவனித்தீர்களா? அவள் ஒரு நர்ஸ். ரோபோக்கள் தூக்கிக்கொண்டு போகின்றன, டாக்டர் காப்பாற்றுகிறார். வழக்கமாக இந்த இடத்தில் கம்பேனியனின் கண்கள் விரியும். இவள், என்னைக் கேட்காமல் என் டிஎன்ஏவை எப்படிப் பரிசோதிக்கலாம் என்று அவரைப் பிடித்து உலுக்குகிறாள். நான் உங்கள் சாகசங்களில் ஒன்று இல்லை என்கிறாள். நாளைக்கு ஷிஃப்ட் இருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்கிறாள். அறுபது வருடத்தில் இந்தப் பெட்டிக்குள் வந்து இவ்வளவு உறைப்பாகப் பேசியவர்கள் ரொம்பக் குறைவு. நீங்களோ ரூபி எங்கே என்று கதவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். தம்பி, ரூபி அதே சீசனில் திரும்பி வந்தாள். நிறுத்தியதால் அதையும் விட்டுவிட்டீர்கள்.

திட்ட எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்பீர்கள். இதே குற்றத்தைச் செய்தவன் என்ற தகுதி இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் டீச்சர் ஒரு வியாழக்கிழமை வரை இருந்தார். வெள்ளிக்கிழமை இல்லை. வெள்ளி கடைசிப் பீரியட் கதை நேரம். முந்தைய வாரம், ஏழு பூட்டுப் போட்ட அறை வாசலில் இளவரசனை நிறுத்தி, 'மீதி அடுத்த வாரம்' என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை புது டீச்சர் வந்தார். ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, கையில் கறுப்புக் குடையோடு. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைத் தவிர அவர் ஒரு பாவமும் செய்யவில்லை. பெயர் கூப்பிட்டபோது முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர்கூட 'உள்ளேன் டீச்சர்' சொல்லவில்லை. நான் ஒருபடி மேலே போய், அந்தக் குடையை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வைக்கோல் போரில் சொருகினேன். ஐப்பசி மாதம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் மழையில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை, 'கதை எங்க நின்னுச்சு?' என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. 'எனக்கு அந்தக் கதை தெரியாது. நீங்கதான் சொல்லணும்' என்றார். பீரியட் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார். அடுத்த வெள்ளியும் அப்படியே. மூன்றாவது வெள்ளி, கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் மெதுவாக, 'கதவத் தெறந்தான் டீச்சர்' என்றாள். அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றை அந்த அறைக்குள் வைத்தோம். பேய், பொற்கிழி, ஏழு தலைப் பாம்பு. ஒருவன் புரோட்டா வைத்தான். டீச்சர் சிரித்தது அன்றுதான். திங்கட்கிழமை குடையை மூலையில் கொண்டுபோய் வைத்தேன். சாயங்காலம் அவர் விரித்தபோது தலைமேல் வைக்கோல் கொட்டியது. யார் என்று கேட்கவில்லை.

பழைய டீச்சரைப் பல வருடம் கழித்து ஒரு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மாற்றல் ஆர்டர் கைக்கு வந்தபோது பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போயிருந்தார்களாம். மறுநாளே வேறு ஊரில் போய்ச் சேர வேண்டும். 'அந்த அறைக்குள்ள என்ன டீச்சர் இருந்துச்சு?' என்று கேட்டேன். 'எந்த அறை?' என்றார்.

சரி, ஷூவுக்கு வருகிறேன்.

டாக்டரோடு முதன்முதலில் இருந்தவள் அவருடைய பேத்தி சூசன். நடித்தவர் கரோல் ஆன் ஃபோர்ட். பாத்திரத்தை வளரவே விடவில்லை என்ற வருத்தத்தில் அவர் விலகிக்கொள்ள, 1964 டிசம்பர் 26 அன்று வழியனுப்பினார்கள். தாலெக்குகள் என்ற வேற்றுக்கிரக எதிரிகள் நாசமாக்கிய லண்டன். இடிபாடுகளில் நடந்து சூசனின் ஷூ ஓட்டை விழுந்திருக்கிறது. தைத்துத் தருகிறேன் என்று தாத்தா அதை வாங்கிக்கொண்டு டார்டிஸுக்குள் போகிறார். அங்கே டேவிட் என்ற இளைஞன் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறான். தாத்தாவை விட்டு எப்படி வருவது என்று அவள் தவிக்கிறாள். தாத்தா உள்ளிருந்து கதவைப் பூட்டிவிடுகிறார். பிறகு ஒலிபெருக்கியில் பேசுகிறார். ஒருநாள் திரும்பி வருவேன் என்கிறார். பெட்டி மறைந்து போகிறது. ஒற்றைக் காலில் ஷூவோடு நின்றவள் டார்டிஸ் சாவியைக் கீழே போட்டுவிட்டு அவனோடு நடக்கிறாள்.

பிரியாவிடைகளிலேயே உயர்ந்தது என்று பலர் இதைக் கொண்டாடுகிறார்கள். நானும் கண் கலங்கியவன்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெண்ணைக் கேட்காமலே கட்டிக் கொடுத்த தாத்தாக்களை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். வாசலில் நின்றாவது கட்டிக் கொடுப்பார்கள். இவர் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு மைக்கில் பேசுகிறார். நாம் 'போகிறேன்' என்று சொல்ல மாட்டோம், 'போய்ட்டு வர்றேன்' என்போம். அவரும் அதைத்தான் சொன்னார், வரத்தான் இல்லை. 1983-ன் சிறப்பு எபிசோடில் இருவரும் சந்தித்தார்கள், உண்மை. அது யாரோ காலத்திலிருந்து பிடித்திழுத்து ஓரிடத்தில் போட்டதால் நடந்தது. இவர் தேடிப் போகவில்லை. (ஹார்ட்னெல் 1975-லேயே காலமாகிவிட்டதால் அந்தத் தாத்தாவும் வேறு நடிகர்.) 2025-ல், அதாவது நீங்கள் பார்க்காமல் விட்ட சீசனில், எண்பது தாண்டிய கரோல் ஆன் ஃபோர்ட் டாக்டரின் நினைவில் ஒரு கணம் தோன்றி, என்னைக் கண்டுபிடி என்கிறார். அறுபது வருடத்துக்குப் பிறகு. அந்தச் சீசன் முடிந்தது, கண்டுபிடிக்கவில்லை.

சூசனுக்காவது ஒரு பேச்சு கிடைத்தது. 1966-ல் டோடோ என்ற கம்பேனியன் ஒரு கதையின் இரண்டாவது எபிசோடில், ஓய்வெடுக்கக் கிராமத்துக்கு அனுப்பப்படுகிறாள். நான்காவதில் வேறொரு பெண் வந்து, டோடோ லண்டனிலேயே தங்கிவிட்டாள், அன்பைச் சொல்லச் சொன்னாள் என்கிறாள். நன்றிகெட்டவள் என்கிற மாதிரி டாக்டர் முணுமுணுக்கிறார்! விசாரிக்காமல் விட்டவர் இவர், நன்றி அவளுக்கு இல்லையாம்.

இப்படி அனுப்பினால் அடுத்து வருகிறவள் தலையில்தான் விடியும். 2007-ல் மார்த்தா என்ற கம்பேனியனுக்கு அதுதான் நடந்தது. முந்தைய கம்பேனியன் ரோஸைப் பிரிந்த துக்கத்தை டாக்டர் ஒரு சீசன் முழுக்க மார்த்தாவின் முன்னால் கொண்டாடினார், ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். மருத்துவம் படிக்கும் பெண், தனியாக ஒரு வருடம் பூமியெல்லாம் நடந்து உலகத்தைக் காப்பாற்றியவள், கடைசி வரை 'ரோஸ் மாதிரி இல்லை'. ஆனால் போகும்போது அவளே முடிவெடுத்தாள். ஒருமுறை வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து, தன் தோழியின் கதையைச் சொல்லிக் காரணத்தையும் சொல்லி, கைபேசியை அவரிடம் தூக்கிப் போட்டாள். அது அடித்தால் வந்தாக வேண்டும் என்றாள். எனக்கு மிகவும் பிடித்தவள் அவள்தான். கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டேன்.

பழைய கம்பேனியன் சாரா ஜேனைச் சொல்லாமல் எப்படி? 1976-ல் தெற்குக் குராய்டன் என்று சொல்லி ஏதோ ஒரு தெருவில் டாக்டர் அவளை இறக்கிவிட்டுப் போனார். முப்பது வருடம் கழித்து 2006-ல் அவர் மறுபடி எதிரில் வந்தபோது, காத்திருந்தேன், நீ வரவில்லை என்றாள். ரோஸும் அவளும் அதே எபிசோடில் சண்டை போடுகிறார்கள். நான் பேயைப் பார்த்திருக்கிறேன், நான் தாலெக்கைப் பார்த்திருக்கிறேன் என்று குழாயடி மாதிரி போட்டி. சாரா ஜேன் 'லாக் நெஸ் பூதம்!' என்றதும் ரோஸ், 'நிஜமாவா?' என்கிறாள். அடுத்த நிமிடம் இருவரும் அவரைக் கிண்டல் செய்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர் உள்ளே வந்து ஒன்றும் புரியாமல் நிற்கிறார், சிரிப்பு கூடுகிறது. உங்கள் அறைச் சண்டையும் இதுதான். சிரிப்புதான் இன்னும் வரவில்லை.

ரூபியைக் குறையாகவே அனுப்பவில்லை. பெற்ற தாயைக் கண்டுபிடித்துக் கொடுத்து, கண்ணீரும் நேரமும் கொடுத்து அனுப்பினார்கள். நீங்கள் சண்டை போட வேண்டியது பெலிண்டாவுக்காக. கடைசி எபிசோடின் உச்சத்தில் அவளை ஒரு பெட்டி அறைக்குள் குழந்தையோடு உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு உலகத்தையே கொஞ்சம் திருகி, பாப்பி என்ற அந்தக் குழந்தை எப்போதும் அவளுடையதுதான் என்றாக்கினார்கள். பழைய காட்சிகளுக்குள் புது வசனம் புகுந்துகொண்டது: வீட்டுக்குப் போகணும் என்று அவள் நச்சரித்ததெல்லாம் பிள்ளைக்காகவாம். ஷிஃப்டுக்காக, தன் வாழ்க்கைக்காக, தனக்காக வீடு திரும்ப நினைத்தவள் எங்கே போனாள்? மற்றவர்களை ஊரில்தான் இறக்கிவிட்டார்கள். இவளை, முதல் எபிசோடில் இவள் பேசிய பேச்சிலிருந்தே இறக்கிவிட்டார்கள். கேட்காமல் பரிசோதித்ததற்கே சண்டை போட்ட பெண் அவள்!

அந்த எபிசோடில் இன்னொன்றும் இருக்கிறது. குழந்தை மறைந்து, டாக்டரும் பெலிண்டாவும் அப்படி ஒருத்தி இருந்ததையே மறந்துவிடுகிறார்கள். மறக்காமல் நின்று, இருந்தாள், இருந்தாள் என்று அவர்களை நம்பவைப்பது யார் தெரியுமா? உங்கள் ரூபி.

விட்ட இடத்திலிருந்து ஆரம்பியுங்கள், இரண்டாவது எபிசோடிலிருந்து. முடித்ததும் எழுதுங்கள். மலையாள நண்பருக்கும் என் விசாரிப்பைச் சொல்லுங்கள். கார்டிஃபில் மழை அதிகம் என்பார்கள், குடையைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.