வெந்த கிழங்கில் மட்டம் ஏன் ஏறவில்லை?

ஐயா, வணக்கம்.

வகுப்பில் உருளைக்கிழங்கு வைத்துச் சவ்வூடு பரவல் (சவ்வின் வழியே செறிவு மிகுந்த கரைசலை நோக்கி நீர் நகர்வது) சோதனை செய்துகாட்டினேன். நீரில் வைத்த பச்சைக் கிழங்கின் குழியில் சர்க்கரைக் கரைசல் மட்டம் ஏறியது, வேகவைத்ததில் ஏறவில்லை. ஒரு மாணவி, "தண்ணீர் போக ஆற்றலே வேண்டாம்னீங்களே மிஸ், அப்புறம் செத்த கிழங்குல ஏன் ஏறலை?" என்று கேட்டுவிட்டாள். என்ன சொல்வது?

– ஓர் அறிவியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கெட்டிக்காரப் பெண். பாடநூலில் விளக்காமல் விட்ட இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறாள்.

கொதிநீரில் செல் சவ்வு சிதைந்துவிடுகிறது. நீரை மட்டும் போகவிட்டுச் சர்க்கரையைத் தடுக்க ஆளில்லை. இரண்டும் தம் போக்கில் கலக்கின்றன. செறிவு வேறுபாடு கரைந்துபோகும்போது மட்டம் எப்படி ஏறும்? இதைக் கண்ணால் காட்ட பீட்ரூட் போதும். வெட்டிய துண்டுகளைச் சாயம் வராத வரை அலசுங்கள் (வெட்டுப்பட்ட செல்களின் சாயம் குழப்பும்). ஒன்றைச் சாதாரண நீரிலும் இன்னொன்றை 70 டிகிரி செல்சியஸ் நீரிலும் போடுங்கள். சூட்டில் கிடந்ததிலிருந்து சிவப்பு கொட்டும்.

சவ்வு முழுசாக இருந்தால் போதும், உயிர் தேவையில்லை. 1748இல் பிரான்சில் நொல்லே என்ற பாதிரியார் சாராயம் நிரம்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டி நீருக்குள் வைத்தார். நீர் உள்ளே புகுந்து அந்தச் செத்த தோல் உப்பியது. வகுப்பில் இதற்கு முட்டை இருக்கிறது: வினிகரில் ஊறவைத்து ஓட்டைக் கரைத்து, எடை பார்த்து, கெட்டியான சர்க்கரைப் பாகில் ஒரு நாள் போடுங்கள். சுருங்கிவிடும். பிறகு நீரில் போட்டால் மறுபடி உப்பும்.

ஆனால் மாணவியின் சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. உங்கள் சோதனையில் செறிவு வேறுபாட்டை உண்டாக்கியது நீங்கள் கரைத்த சர்க்கரை. உடலில் அதைச் செல்லே உண்டாக்கிக் காக்க வேண்டும். ஒரு ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவில் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது செல் சவ்வில் உள்ள சோடியம் பம்ப். அது நின்றால் உப்பு உள்ளே சேரும், பின்னாலேயே நீர் புகும், செல் வீங்கும். நீரின் பயணம் இலவசம்தான். அதற்கான சரிவைக் காப்பதற்குத்தான் செலவு.

பச்சைக் கிழங்கிலேயே மட்டம் ஏறாவிட்டால் முதலில் அடித்தோலைப் பாருங்கள். தோல் நீரை விடாது, சீவியே ஆகவேண்டும். குழியின் அடி ஓட்டையாகிவிட்டாலும் கதை முடிந்தது. கரைசல் 100 மில்லிக்கு 10 கிராம் அளவில் இருந்தால், அது கிழங்குச் சாற்றின் செறிவுக்குக் கிட்டத்தட்டச் சமம். மட்டம் அசையவே அசையாது. 30 கிராமுக்குக் குறையாமல் போடுங்கள்.