அப்பாவின் டாஸ்: ரிப்பேர் பண்ணவா, அப்படியே விற்கவா?

கேள்வி: வணக்கம் அண்ணா. அப்பா போன வருடம் காலமானார். அவர் ஓட்டிய 2003 டொயோட்டா டாஸ் கார் இன்னும் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. இரண்டு மாதம் முன்னால் அம்மாவை மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலுக்கு அழைத்துப்போன வழியில் சூடேறி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டும் வளைந்திருக்கலாம் என்று மெக்கானிக் சொல்லி 26,000 ராண்ட் கேட்கிறார். ஸ்க்ராப்காரர் 9,000 தருகிறேன் என்கிறார். ஓடுகிற நிலையில் இருந்தால் 45,000 வரை போகும் என்கிறார் மாமா. ரிப்பேர் செய்து விற்பதா, அப்படியே தள்ளிவிடுவதா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். வண்டி பேப்பர் யார் பெயரில் இருக்கிறது? அப்பா பெயரிலேயே இருந்தால் இப்போதைக்கு அதை விற்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை, உயிலில் 'வண்டி என் மகனுக்கு' என்று எழுதியிருந்தாலும்தான். இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் கடிதம் வாங்க வேண்டும். அப்பாவின் சொத்து மொத்தமும் 2,50,000 ராண்டுக்குள் என்றால் அதிகாரக் கடிதம் போதும், அதற்கு மேல் போனால் எக்ஸிகியூட்டர், அதாவது சொத்தை நிர்வகித்துப் பிரித்துக் கொடுப்பவர், நியமனம். இதைச் செய்யாமல் யாரிடமாவது சாவியைக் கொடுத்துப் பணம் வாங்கினீர்கள் என்றால், அவர் பெயர் மாற்ற முடியாமல் உங்கள் வாசலுக்கே திரும்பி வருவார். பேப்பரில் உரிமைதாரர் என்ற இடத்தில் வங்கி பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடன் எப்போதோ அடைந்திருக்கும், பெயர் மட்டும் அப்படியே கிடக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். 45,000-லிருந்து 26,000 போனால் 19,000 நிற்கிறது, ஸ்க்ராப்காரரை விட 10,000 கூடுதல் என்று மாமா சொல்வார். ஆனால் 45,000 கொடுப்பவர் ரோட்வொர்த்தி, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், கேட்பார். பெயர் மாற்றிப் பதிவு செய்ய அது வேண்டும், சான்றிதழ் வாங்கியதிலிருந்து 60 நாள்தான் செல்லும். இருபது வருடம் டர்பன் கடல்காற்றில் நின்ற வண்டியின் அடியை ஒரு தடவை குனிந்து பாருங்கள், துரு எங்கெல்லாம் ஏறியிருக்கிறது என்று. அப்புறம் டயர், ஷாக், பிரேக். இதற்கு 8,000 என்று வைத்தால் மிச்சம் 11,000. இரண்டு மாதம் அலைந்து ஸ்க்ராப் விலையை விட 2,000 ராண்ட் கூடுதல்! அதுவும் அந்த 26,000 கடைசித் தொகை என்றால்தான். சூடேறிய எஞ்சினில் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கும்வரை எந்த மெக்கானிக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. கூலன்ட் எண்ணெயில் கலந்து ஓடியிருந்தால் கீழே பேரிங்கும் அடிபட்டிருக்கும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே மோர் மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தால் அந்தச் சந்தேகம் பலமாகிறது.

அதனால் ரிப்பேர் வேண்டாம். ஆனால் 9,000-க்கும் விடாதீர்கள். டாஸ் இங்கேயே நம்ம டர்பன் புரொஸ்பெக்டன் தொழிற்சாலையில் செய்த வண்டி, 2006-இல் நிறுத்தும்வரை எக்கச்சக்கமாக விற்றது, இன்றைக்கும் அதன் கியர்பாக்ஸையும் கதவையும் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தக் கையால் வேலை செய்கிற மெக்கானிக்குக் கூலி மிச்சம், அவரால் ஸ்க்ராப்காரரை விட நல்ல விலை கொடுக்க முடியும். அப்படி இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள்.

அவர்களிடம் குறையை மறைக்காதீர்கள். இது தர்மத்துக்காகச் சொல்வதில்லை. இந்த நாட்டில் தனியாள் தனியாளுக்கு விற்கும்போது 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று எழுதிக்கொள்வது வழக்கம், இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்று பொருள். வியாபாரியைக் கட்டுப்படுத்தும் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் மாதிரி ஒற்றை வண்டி விற்கிறவரைத் தொடாது, ஆகவே அந்த ஒரு வார்த்தை நல்ல கவசம்தான். ஆனால் தெரிந்த குறையை ஏமாற்றும் நோக்கத்தோடு மூடிவைத்தவருக்கு அந்தக் கவசம் கிடையாது. ரேடியேட்டரில் ஊற்றினால் கசிவு அடைபடும் என்று ஒரு மருந்து விற்கிறார்களே, அதை ஊற்றி இரண்டு நாள் ஓட்டிக்காட்டச் சொல்லி உங்கள் சிநேகிதர் யாராவது யோசனை சொல்வார். கேட்காதீர்கள். 'ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட் வளைந்திருக்கலாம், எஞ்சின் ஓடாது' என்று ரசீதிலேயே எழுதி, மெக்கானிக்கின் மதிப்பீட்டுத் தாளையும் சேர்த்து வாங்குபவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அப்புறம் நிம்மதியாகத் தூங்கலாம்.

கடைசியாக, எனக்கே நடந்தது. பல வருடம் முன்னால் ஒரு பழைய வேனை ஒருவருக்கு விற்றேன், கைகுலுக்கினோம், பணம் வாங்கினேன், வீட்டுக்கு வந்தேன். உரிமை மாற்ற அறிவிப்புப் படிவம் என்று ஒன்று உண்டு, வாங்குபவரின் அடையாள அட்டை நகலோடு விற்பவரே லைசென்ஸ் ஆபீசில் கொடுக்க வேண்டியது. 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று விட்டேன். அந்த மனிதர் பெயரை மாற்றவே இல்லை. இரண்டு வருடம் அந்த வேன் எங்கெங்கோ வேகமாகப் போக, அபராதச் சீட்டெல்லாம் என் வீட்டுக்கு வந்தது. இப்போது ஒரு ஸ்கூட்டர் விற்றால்கூட முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொண்டுதான் ஆபீசை விட்டு வெளியே வருகிறேன். வாங்குபவர் தன் பெயருக்குப் பதிவு செய்ய 21 நாள் இருக்கிறது, அதுவரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் கொடுத்துவிடுங்கள். ஸ்க்ராப்காரருக்கே கொடுப்பதாக முடிவானாலும் போலீஸில் பதிவு பெற்ற கடையாகப் பாருங்கள். உங்கள் அடையாள அட்டையைக் கேட்டால் கோபப்படாதீர்கள், 2009 பழைய பொருள் வியாபாரச் சட்டப்படி அவர்கள் அதைப் பதிந்துகொள்ள வேண்டும். கேட்காமலே காசை எண்ணுகிறவரிடமிருந்துதான் விலகி நிற்க வேண்டும். உடைக்கப் போகிற வண்டியின் பதிவையும் ரத்து செய்துவிடுங்கள்.

கேள்வி: கிளட்ச் போன என் பழைய காரை வாங்க வந்தவர் சனிக்கிழமை சாயங்காலம் பணம் அனுப்பிவிட்டேன் என்று வங்கி ரசீதைப் போனில் காட்டினார். பழுதான வண்டியை இழுத்துப்போகும் டோ டிரக்கையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். கணக்கில் பணம் வரவில்லை, அதனால் கொடுக்கவில்லை. அவர் முகம் சுளித்துப் போய்விட்டார். நான் செய்தது மரியாதைக் குறைவா?
– வாசகி, டொங்காட்

பதில்: இல்லை அக்கா. அந்த மாதிரி ரசீதைப் போனிலேயே பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். சனிக்கிழமை சாயங்காலம், கூடவே டோ டிரக், கூடவே அவசரம் என்றால் எனக்கும் சந்தேகம்தான் வரும். ஒருவேளை அவர் நல்ல மனிதராகவே இருந்து, வேறு வங்கியிலிருந்து அனுப்பியது தாமதமாகியிருந்தால் திங்கள் அல்லது செவ்வாய் உங்கள் கணக்கில் விழும். ரசீதை விட்டுவிட்டு உங்கள் வங்கிக் கணக்கையே திறந்து பார்த்து, பணம் வந்திருந்தால் அவரைக் கூப்பிட்டு வண்டியை எடுத்துப்போகச் சொல்லுங்கள்.