கிரானைட்டில் லித்தியம்: 85 பிபிஎம் என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் பட்டா நிலத்தில் அப்பா கல் குவாரி நடத்துகிறார். ஒருவர் வந்து கல் எடுத்துப்போய் லேபில் கொடுத்து, "லித்தியம் 85 பிபிஎம் இருக்கிறது. பிரான்ஸில் கிரானைட்டிலிருந்துதான் லித்தியம் எடுக்கப்போகிறார்கள். ஆய்வுச் செலவுக்குப் பணம் போடுங்கள், கூட்டாகச் செய்யலாம்" என்கிறார். நம்பிப் பணம் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அவர் சொன்ன இரண்டு தகவலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

85 பிபிஎம் என்றால் ஒரு டன் கல்லில் 85 கிராம் லித்தியம். சாதாரண கிரானைட்டிலேயே 30, 40 பிபிஎம் இருக்கும். உங்களுடையது அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பிரான்ஸில் அவர் சொல்லும் இடம் நாட்டின் நடுப்பகுதியில் உள்ள போவுவார். அங்கே இமெரிஸ் நிறுவனம் 2022 அக்டோபரில் அறிவித்த திட்டத்தில் பாறையின் சராசரித் தரம் 0.9% லித்தியம் ஆக்சைடு. ஆக்சைடு கணக்கை 2.15ஆல் வகுத்தால் லித்தியம் மட்டும் வரும்: சுமார் 4,200 பிபிஎம். உங்கள் கல்லைப்போல ஐம்பது மடங்கு. இந்த வகுத்தலை மறக்காதீர்கள். சிலர் ஆக்சைடாகச் சொல்வார்கள், சிலர் கார்பனேட்டாகச் சொல்வார்கள். கார்பனேட் கணக்கில் அதே லித்தியம் 5.3 மடங்கு பெரிய எண்ணாகத் தெரியும். எந்தக் கணக்கு என்று கேட்காமல் எந்த எண்ணையும் ஒப்பிட வேண்டாம்.

சரி, போவுவாரில் மட்டும் எப்படி இவ்வளவு சேர்ந்தது?

லித்தியம் மிகச் சிறிய அயனி. கிரானைட்டின் பெரும்பகுதி குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்ற இரண்டு கனிமங்கள்தான். ஃபெல்ஸ்பாரில் சோடியமும் பொட்டாசியமும் உட்காரும் இடம் லித்தியத்துக்குப் பொருந்தாத அளவு பெரியது. குவார்ட்ஸும் அதை ஏற்பதில்லை. அதனால் பாறைக்குழம்பு ஆறிப் படிகமாகும்போது லித்தியம் குழம்பிலேயே தங்கிவிடுகிறது. உப்பளத்தில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் செறிவதுபோல, கடைசித் துளிக் குழம்பில் லித்தியம் செறிகிறது.

ஆனால் ஒரு தடை உண்டு: பயோடைட் என்ற கறுப்பு மைக்கா (காக்காப்பொன்). லித்தியத்தின் அளவு கிட்டத்தட்ட மெக்னீசியத்தின் அளவுதான் என்பதால், பயோடைட் அதைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். கறுப்பு மைக்கா நிறைய விளையும் குழம்பில் லித்தியம் பாறை முழுக்கப் பரவி வீணாகிவிடும். இரும்பும் மெக்னீசியமும் ஏறக்குறைய இல்லாத, மிக வெளிறிய குழம்பில்தான் அது கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

அப்போதும் எளிதல்ல. தொடக்கத்தில் 100 பிபிஎம் உள்ள குழம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். குழம்பில் உள்ள செறிவில் ஐந்தில் ஒரு பங்கைப் படிகங்கள் எடுத்துக்கொள்கின்றன என்றால், 95% உறைந்தபின் மிச்சக் குழம்பில் சுமார் 1,100 பிபிஎம். 99% உறைந்தால்தான் 4,000. தொடக்கமே 30 பிபிஎம் என்றால், 99% உறைந்தும் 1,200ஐத் தாண்டாது. இதனால்தான் மூலப்பாறையே லித்தியம் மிகுந்ததாக இருக்க வேண்டும் என்கிறோம். பழைய கடல்களில் படிந்த களிமண் லித்தியத்தைப் பிடித்து வைத்திருக்கும். கண்டங்கள் மோதும்போது அந்தக் களிமண் புதைந்து மைக்காப் பாறையாகி, பிறகு உருகுகிறது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் இது பெரிய அளவில் நடந்தது. போவுவார், இங்கிலாந்தின் கார்ன்வால், செக்–ஜெர்மனி எல்லையின் சினோவெட்ஸ் எல்லாம் அந்த மோதலின் பிள்ளைகள். மூன்றிலும் லித்தியத்துக்கு முன்பே மனிதர்கள் தேடி வந்தது வெள்ளீயத்தையோ டங்ஸ்டனையோ வெள்ளைக் களிமண்ணையோதான்.

99% உறைவது மட்டுமே காரணமா, அல்லது மூலப்பாறை மிகக் குறைவாக, தவணை தவணையாக உருகியதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. எனக்கு இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும் என்றுதான் படுகிறது. மேலே போட்ட கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஃபுளூரின், பாஸ்பரஸ், நீர் மூன்றும் இதற்குப் பெரிய துணை. அவை குழம்பை இளக்கி, உறைநிலையையும் நன்றாகக் கீழே இறக்குகின்றன. அதனால் இந்த மிச்சக் குழம்பு படிகங்களிலிருந்து எளிதாகப் பிரிந்து மேலே ஏறுகிறது. போவுவாரில் 1980களில் அறிவியலுக்காகவே கிட்டத்தட்ட 900 மீட்டர் துளையிட்டுப் பார்த்தார்கள். பாறையின் மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிட லித்தியத்தில் வளமாக இருந்தது.

உங்கள் ஊர்ப் பக்கக் கல்லின் வரலாறு வேறு. தமிழ்நாட்டில் குவாரிகளில் எடுப்பவற்றில் பெரும்பாலானவை ஆழத்தில் வெந்து மாறிய சார்னோகைட், நைஸ் போன்ற பாறைகள். "கறுப்பு கிரானைட்" என்று விற்பது டோலரைட். அது கிரானைட்டே அல்ல. நில ஓட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் அப்படி வெந்த பாறைகளிலிருந்து நீரும் உருகிய பகுதியும் வெளியேறும்போது லித்தியமும் கூடப் போய்விடும்.

அப்புறம், லித்தியம் இருப்பது வேறு, அது தாதுவாக இருப்பது வேறு. எந்தக் கனிமத்தில் இருக்கிறது என்பதுதான் காசைத் தீர்மானிக்கிறது. உங்கள் கல்லில் பெரும்பாலும் பயோடைட்டுக்குள் சிதறிக் கிடக்கும். அதைப் பிரித்துக் கட்டுப்படியாகாது. போவுவாரில் லெபிடோலைட் என்ற இளஞ்சிவப்பு மைக்காவில் இருக்கிறது. பொடித்து நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் மிதவை முறையில் அதைச் செறிவாக்கலாம். சினோவெட்ஸில் இரும்புள்ள சின்வால்டைட் மைக்கா, காந்தத்தால் பிரிக்கலாம். அங்கே தரம் 0.4% லித்தியம் ஆக்சைடை ஒட்டித்தான், ஆனாலும் காந்தம் உதவுவதால் ஆர்வம் இருக்கிறது. இந்தியாவில் இந்த வகைக்கு நெருக்கமானது, முன்பு டங்ஸ்டன் எடுத்த ராஜஸ்தானின் தேகானா கிரானைட். அதிலும் லித்தியம் மைக்கா உண்டு. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் பேசப்படுவது ஸ்போடுமீன் என்ற லித்தியக் கனிமம் உள்ள பெக்மடைட் (பெரிய படிகங்களாலான பாறை). அது தனி வகை.

மைக்காவைப் பிரித்தபின்னும் சல்ஃபேட் சேர்த்து 900 டிகிரியை ஒட்டி வறுக்க வேண்டும். ஃபுளூரின் வெளிவரும், கழிவு மலையாகக் குவியும். சீனாவின் யீச்சுன் பகுதி இதைப் பெரிய அளவில் செய்கிறது. அங்கே ஆற்று நீர் மாசு 2022 இறுதியில் ஆலைகளை நிறுத்தும் அளவுக்குப் போனது. விலையும் சேர்ந்து ஆடும். சீனச் சந்தையில் 2022 நவம்பரில் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கிய லித்தியம் கார்பனேட், 2024 தொடக்கத்தில் 1 லட்சத்துக்கு அருகில் வந்துவிட்டது. உச்ச விலையில் தாதுவாகத் தெரிந்த பாறை, அந்தக் குறைந்த விலையில் வெறும் கல்.

உங்கள் நிலத்தில் ஆராய வேண்டியது எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. குவாரியில் வெள்ளையாக, சர்க்கரைபோல் நுண்ணிய பரல்களாக, கறுப்பு மைக்கா இல்லாத பகுதி இருக்கிறதா, இளஞ்சிவப்போ ஊதாவோ கலந்த காக்காப்பொன் தென்படுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். கையில் பிடித்துக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிர் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும்) கருவி லித்தியத்தை அளக்காது. அதை வைத்து யாராவது லித்தியம் எண் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். அந்தக் கருவியில் ருபீடியத்தைப் பார்க்கலாம். பொட்டாசியத்தை ருபீடியத்தால் வகுத்து 50க்குக் கீழே வந்தால் கல் கவனத்துக்குரியது. சாதாரண கிரானைட்டில் அது 200ஐ ஒட்டி இருக்கும். லேபுக்கு அனுப்பினால் சோடியம் பெராக்சைடில் உருக்கி ஐசிபி என்ற ஆய்வகக் கருவியில் அளக்கச் சொல்லுங்கள். அமிலத்தில் மட்டும் கரைத்தால் சில கனிமங்கள் முழுதாகக் கரையாது. வெள்ளீயம், டாண்டலம், சீசியம் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்; லித்தியம் வளமான கிரானைட்டில் இவை கூடவே ஏறியிருக்கும்.

கடைசியாகச் சட்டம். கட்டடக் கல்லுக்கான குத்தகை மாநில அரசு தரும் சிறுகனிமக் குத்தகை. அதை வைத்து லித்தியம் எடுக்க முடியாது. 2023 கனிமச் சட்டத் திருத்தம் லித்தியத்தை அணுக் கனிமப் பட்டியலிலிருந்து எடுத்து முக்கியக் கனிமங்களில் சேர்த்தது. அதற்கான உரிமத்தை ஒன்றிய அரசுதான் ஏலத்தில் விடும். ஆகவே அவர் கேட்பது எந்த அனுமதியின் கீழ் செய்யும் ஆய்வுக்கான பணம் என்று எழுத்தில் கேளுங்கள். லேப் அறிக்கையின் அசலையும், எந்த இடத்தில் எடுத்த கல் என்ற குறிப்பையும் சேர்த்தே வாங்குங்கள்.