மேல்வீட்டுத் துணி சொட்டுகிறது, என்ன செய்வது?

கெய்ரோவின் ஷுப்ராவில் குடியேறியிருக்கிறீர்கள், மேல்வீட்டு ஈரத்துணி உங்கள் கொடியில் சொட்டுகிறது, வீட்டு உரிமையாளரிடம் புகார் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். எடுத்ததுமே உரிமையாளரிடம் போனால் மேல்வீட்டு அம்மாவுக்கு மனம் கசந்துவிடும்.

பவ்வாப், அதாவது வாசலில் இருக்கும் கட்டடக் காவலாளி, அவரிடம் சொல்லுங்கள். எந்த வீட்டில் யார், என்றைக்குத் துவைப்பார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சொன்னால் குற்றச்சாட்டாகப் படாது. அவருக்கான மாதப் பணத்தைத் தாமதிக்காதீர்கள், பெருநாளுக்குத் தனியாகவும் கொஞ்சம் கொடுங்கள்.

அப்புறம், உங்கள் கொடிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு கட்டுங்கள். அங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், புழுதிக்கும் நல்லது.

ரமலான் முடிந்ததும் மேல்வீட்டிலிருந்து ஒரு தட்டு கஹ்க் வரலாம், சர்க்கரைப் பொடி தூவிய பிஸ்கட். ஷுப்ராவில் கிறிஸ்தவக் குடும்பங்களும் நிறைய, அவர்கள் ஈஸ்டருக்கு அதைச் சுடுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் தட்டை வெறுமையாகத் திருப்பாதீர்கள். நாலு பழமாவது வையுங்கள். தட்டைக் கொடுக்கும்போது, “கொஞ்சம் நன்றாகப் பிழிந்து காயப்போட முடியுமா?” என்று நீங்களே கேட்டுவிடலாம்.