பதிமுகத் தண்ணீர் சிவக்காமல் மஞ்சளாக இருந்தால்

கேரளாவில் குடிதண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கும் மரச் சில்லுதான் பதிமுகம். உங்களுக்குத் தண்ணீர் மஞ்சளாக வந்ததால், வாங்கியது போலியோ என்று கேட்கிறீர்கள். மஞ்சளாக வந்ததை வைத்து மட்டும் போலி என்று சொல்ல முடியாது. நீங்கள் கொதிக்க வைத்தது ஆர்.ஓ. தண்ணீர் என்கிறீர்களே, பெரும்பாலும் அதுதான் காரணம்.

பதிமுக மரத்தின் வைரத்தில் (நடுவில் உள்ள கெட்டியான கட்டையில்) பிரேசிலின் என்ற சேர்மம் இருக்கிறது. காற்றுபட்டால் சிவப்பு நிறமியாக மாறும். ஆர்.ஓ. தண்ணீர் போன்ற லேசான அமிலத் தண்ணீரில் அது மஞ்சளாகத் தெரியும். காரத்தன்மை உள்ள கிணற்றுத் தண்ணீரில் கேரள ஓட்டல் டம்ளரில் பார்க்கும் அந்த அழகான ரோஸ் வரும்.

சோதித்துப் பாருங்கள்: ஆறிய பதிமுகத் தண்ணீர் அரை டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். சட்டென்று சிவக்க வேண்டும். அப்புறம் எலுமிச்சை பிழிந்தால் நுரைத்து, மறுபடி மஞ்சளாகும்.

ஆனால் இது பிரேசிலின் இருப்பதை மட்டுமே காட்டும், கலப்படம் இல்லை என்பதை அல்ல. தூளாக வாங்காதீர்கள், சில்லாகவே வாங்குங்கள்.